இடுப்புக்குள் இறுகிய தலை

(பாமன்கடையில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிசேரியன் என்று முடிவெடுத்துவிட்டால் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விறைப்பு ஊசி போடுவார்கள், வயிற்றைத் திறப்பார்கள், சில நிமிடத்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்கும். நாள் குறித்துச் செய்கிற சிசேரியனில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது வேறு விதமான சிசேரியனைப் பற்றி.

ஒரு தாய் இரவு முழுக்க வலி எடுத்திருக்கிறாள். கருப்பை வாய் பத்து சென்ரிமீற்றரும் திறந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் முக்கியும் பார்த்துவிட்டாள். பிள்ளையின் தலை இடுப்பெலும்பு வளையத்துக்குள் இறங்கி நடுவழியில் நின்றுவிட்டது. ஆயுதம் போட்டு எடுக்க முடியாது என்று கண்டு தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். கருப்பையைத் திறந்து, வைத்தியர் தலைக்குக் கீழே கையை நுழைக்கப் பார்க்கிறார். நுழைய இடமில்லை. தலைக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு விரல் போகவே சிரமம்.

இது எங்கோ ஓரிடத்தில் எப்போதோ நடப்பதென்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவின் அரச மகப்பேற்று பெண்நோயியல் கல்லூரி 2023இல் இதைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டது. அவசர சிசேரியன் பத்தில் ஒன்றில்கூட இந்தச் சிக்கல் வரக்கூடும் என்றும், அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்வரை இறக்கவோ கடுமையாகக் காயப்படவோ கூடும் என்றும் அது சொல்கிறது. நமக்குக் கிட்டவுள்ள களுபோவில ஆஸ்பத்திரியையோ, பொரளைப் பக்கத்துச் சொய்சா, காசல் வீதி ஆஸ்பத்திரிகளையோ எண்ணிப் பாருங்கள். இரவு பகலாகப் பிள்ளைப்பேறு நடக்கும் இடங்களில் அவசர சிசேரியன் பத்தில் ஒன்று என்பது சிறிய கணக்கா?

இது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியக்கூடிய ஆபத்து. ஆகவே ஆயத்தமும் கத்தி வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். தலை இறுகி நிற்கும் பிரசவம் மனித குலத்தோடு வந்தது. 1857இல் மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், டப்ளின் நகரத்து மான்செல் எழுதிய பிள்ளைப்பேற்று நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தால்தான் படித்தவர்கள் தம் சனத்தோடு தங்கி வேலை செய்வார்கள் என்று உறுதியாக நம்பியவர் அவர். அந்தக் காலத்தில் தலை இறங்காமலும் ஏறாமலும் நின்றுவிட்டால் வைத்தியர் கையில் இருந்த வழி மிகக் கொடியது. தாயைக் காக்கப் பிள்ளையின் தலையைத் துளைத்து, சிறிதாக்கி வெளியே எடுப்பார்கள். சொல்லவே மனம் கூசுகிறது. ஆனால் வயிற்றைத் திறந்தால் தாய் பிழைப்பது அரிது என்று இருந்த காலம் அது. திறந்த கருப்பையைத் தைக்கும் முறையை ஜேர்மனியின் மாக்ஸ் சேங்கர் 1882இல்தான் நிலைநாட்டினார். கொழும்பிலே சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் பிரசவ விடுதி திறந்தது 1879இல். அதன் முதல் மூன்று ஆண்டுகளில் உலகத்தில் எவருக்கும் கருப்பைத் தையல் இன்னும் நம்பகமான சிகிச்சையாகி இருக்கவில்லை.

பிறகு ஸ்கொட்லாந்தின் மன்றோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை 1920களில் வலியுறுத்தினார். இரத்தப்போக்குக் குறைவு, தையல் நன்றாகப் பொருந்தும், அடுத்த கர்ப்பத்தில் பிரியும் அபாயமும் குறைவு. இன்றைக்குக் கொழும்பில் நடக்கும் சிசேரியன் ஏறக்குறைய எல்லாமே அந்த வழிதான். அவர் பெயரால் வழங்கும் பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சை நூலின் நூற்றாண்டுப் பதிப்பு 2007இல் வந்தபோது, அதன் ஆசிரியர் மூவரில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சபாரத்தினம் அருள்குமரன். அதே 2007இலிருந்து 2010வரை முன்பு சொன்ன பிரித்தானியக் கல்லூரியின் தலைவராகவும், பிறகு 2012 முதல் 2015வரை உலக மகப்பேற்று பெண்நோயியல் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். பிள்ளைப்பேற்றைக் கைப்பழக்கத்தாலும் கவனத்தாலும் காக்கும் இந்தக் கலையில் நம் மண்ணுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

இனி, தலை ஏன் மாட்டுகிறது என்று பார்ப்போம்.

வலி தொடங்குவதற்கு முன் செய்யும் சிசேரியனில் பிள்ளையின் தலை இடுப்பெலும்பின் வாயில் மிதந்துகொண்டிருக்கும். வைத்தியர் கையைத் தலைக்குக் கீழே சறுக்கி விடுவார், மேலிருந்து உதவியாளர் வயிற்றை அழுத்துவார், தலை வெளியே வரும். நீண்ட வலிக்குப் பிறகு நிலைமை வேறு. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டிருக்கும். உச்சித் தோல் வீங்கியிருக்கும். கருப்பை சுருங்கிச் சுருங்கிப் பிள்ளையின் உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதி மேலே இழுபட்டுக் கடதாசிபோல மெலிந்திருக்கும், சிறுநீர்ப்பையும் அதோடு மேலேறி நிற்கும். வழக்கமான உயரத்தில் கீறினால் சில வேளை கருப்பையை விட்டு யோனியைத் திறந்துவிட நேரும். ஆகவே கீறலைச் சற்று மேலே போட வேண்டும். அனுபவமில்லாத கை தவறுகிற முதலிடம் இதுதான்.

இரண்டாவது இடம் கை நுழைக்கும் விதம். சேற்று வயலில் முழங்கால்வரை புதைந்த காலை நேரே மேலே இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இழுக்க இழுக்க அது பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் அசைத்துக் காற்றுப் போக வழிவிட்டால்தான் கால் வரும். தலையும் அப்படித்தான். அதைச் சுற்றி ஓர் உறிஞ்சல் இருக்கிறது. கையை மெல்ல வளைத்து உள்ளே விட்டு, தலையைப் பிள்ளையின் நெஞ்சை நோக்கிக் குனியவைத்து, பிறகே மேலே உயர்த்த வேண்டும். அவசரப்பட்டு மணிக்கட்டைக் கருப்பை ஓரத்தில் முட்டுக்கொடுத்து நெம்பினால், கீறல் பக்கவாட்டில் கிழிந்து கருப்பை நாடிகளுக்குப் போகும், அல்லது கீழே கிழிந்து கருப்பை வாய்க்கும் யோனிக்கும் போகும். இரத்தம் கொட்டும். சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் காயப்படலாம். பிள்ளைக்கு மண்டையோடு வெடிக்கலாம், மூளையில் இரத்தக்கசிவு வரலாம், நேரம் நீண்டால் ஒட்சிசன் குறையலாம்.

அப்படியானால் என்ன செய்வது? மருத்துவமாதரும் இளம் வைத்தியர்களும் முன்வரிசையில் இருப்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள். உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் நடப்பது என்னவென்று அறிவது உங்கள் உரிமை.

சிசேரியன் என்று முடிவானதும் ஒக்சிற்றோசின் சேலைனை நிறுத்த வேண்டும். தாயை முக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தியேட்டரில் விறைப்பு ஊசி வேலை செய்த பிறகு, வயிற்றைக் கழுவுமுன், ஒருமுறை கீழே சோதித்துப் பார்க்க வேண்டும். சில வேளை வோட்டிலிருந்து தியேட்டருக்கு வருவதற்குள் தலை இறங்கி, ஆயுதத்தால் எடுக்கக்கூடிய நிலைக்கு வந்திருக்கும். இறங்காவிட்டாலும் எவ்வளவு இறுகியிருக்கிறது, பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதாவது தெரியும். அப்போதே மூத்தவரை அழைக்கலாம். மேசையைத் தாழ்த்தலாம், தாயின் தலைப்பக்கத்தைச் சற்றுச் சரிக்கலாம், வைத்தியர் ஏறி நிற்க ஒரு படி போடலாம். மிகச் சாதாரணக் காரியங்கள். ஆனால் இரத்தத்துக்கு நடுவே படி எங்கே என்று தேடுகிற நிலைமை வரக்கூடாது.

கருப்பை திறந்ததும் அது சுருங்கிக்கொண்டிருந்தால் சில கணம் பொறுக்க வேண்டும். சுருக்கம் விட்ட பிறகு கையை நுழைக்க வேண்டும். மயக்க மருந்து வைத்தியர் கருப்பையைத் தளர்த்தும் மருந்தைக் கொடுக்கலாம். பழைய வழி, இன்றும் அதிகம் கையாளும் வழி, கீழிருந்து ஒருவர் தலையை மேலே தள்ளுவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு விரல் நுனியால் குத்தித் தள்ளக் கூடாது. மெல்லிய மண்டையோட்டில் அந்த அழுத்தம் ஒரே புள்ளியில் விழும். உள்ளங்கையை விரித்துத் தலையை ஏந்தித் தள்ள வேண்டும். அதற்குத் தாயின் கால்கள் அகன்றிருக்க வேண்டும். தள்ளப்போகிறவர் யார் என்பதும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். வழியே போன யாரையோ கூப்பிட்டு, துணிக்கு அடியில் கையை விடச் சொல்லும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அது நிற்க வேண்டும்.

தலையைத் தள்ளாமல் பிள்ளையை மறுபக்கமாக எடுக்கும் வழியும் உண்டு. கையை மேலே கருப்பையின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் பாதத்தைப் பிடித்து, கால் முதலாக, பிறகு இடுப்பு, தோள் என்று எடுத்து, கடைசியில் தலையை இடுப்பெலும்பிலிருந்து உருவி எடுப்பது. நைஜீரியாவின் இலே இஃபே நகரத்து வைத்தியர்கள் 108 தாய்மாரிடம் இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். கால் முதலாக எடுத்த தாய்மாருக்குக் கருப்பைக் கிழிசல் குறைவாக இருந்தது.

மூன்றாவது வழி நம் பக்கத்து நாட்டில் பிறந்தது. 1957இல் பட்வர்தன், மோத்தஷா என்ற இரு வைத்தியர்கள் இந்திய மகப்பேற்றுச் சஞ்சிகை ஒன்றில் அதை எழுதினார்கள். பிள்ளையின் முதுகு முன்புறம் இருக்கும்போது கீறலில் முதலில் தெரிவது தோள். அந்தத் தோளையும் கையையும் முதலில் வெளியே எடு, அடுத்த தோளை எடு, அக்குள்களுக்குள் விரல் கொடுத்து, மேலிருந்து மெல்ல அழுத்தி, உடம்பையும் இடுப்பையும் கால்களையும் எடு. இப்போது பிள்ளை முழுவதும் வெளியே, தலை மட்டும் உள்ளே. அதைக் கடைசியாக உயர்த்து. முதன்முதலில் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் தலைக்குக் கீழே கையே நுழையாத நேரத்தில், தலையை விட்டுவிட்டு உடம்பிலிருந்து தொடங்கு என்று யோசித்த அந்தத் துணிவை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம், பழகிய கை போதும். அதனாலேதான் தென்னாசியாவில் பல ஆஸ்பத்திரிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அண்மையில் கருவிகளும் வந்திருக்கின்றன. தலைக்குக் கீழே வைத்து உப்புநீர் நிரப்பி ஊதச் செய்யும் ஒரு பலூன், ஒப்பரேஷனுக்கு முன்பே தலையைச் சில சென்ரிமீற்றர் உயர்த்திவிடும். இந்தியாவிலேயே 240 தாய்மாரிடம் சோதித்து 2016இல் நல்ல முடிவு சொன்னார்கள். இருந்தும் உலகம் முழுவதும் ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. எந்த வழி மிகச் சிறந்தது என்று இன்றைக்கு யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஒரு வைத்தியருக்கு இரண்டு மூன்று வழிகளாவது கைவந்திருக்க வேண்டும். ஒன்று பலிக்காதபோது அடுத்ததற்கு மாறும் தெளிவும் வேண்டும். ஒரே வழியில் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

கைப்பழக்கம் எங்கிருந்து வரும்? பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் ஆஸ்பத்திரியில் 2000ஆம் ஆண்டிலிருந்து வைத்தியர், மருத்துவமாது, தாதி, மயக்க மருந்து வைத்தியர் எல்லோரும் ஒன்றாகப் பிரசவ அவசரநிலைகளை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளையின் தோள் மாட்டும் அவசரநிலையில் கை நரம்பு அறுந்து ஆயுள் முழுக்கக் கை முடங்கிப்போன பிள்ளைகள் முன்பு அங்கே இருந்தார்கள். ஒத்திகை பழக்கமான பிந்திய ஆண்டுகளில் அப்படியொரு நிரந்தர முடக்கமே பதிவாகவில்லை. ஒரே ஆஸ்பத்திரி, அதே ஊர்த் தாய்மார். மாறியது பயிற்சி. சிசேரியனில் தலை மாட்டுவதற்கு இத்தகைய ஒத்திகை மிகவும் பிந்தித்தான் வந்திருக்கிறது. ஸ்கொட்லாந்து வைத்தியர் கிரகாம் டைட்மன் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பொம்மையை வடிவமைத்தார். பொம்மை வாங்கப் பணமில்லாத ஆஸ்பத்திரியிலும் பத்து நிமிட ஒத்திகைக்கு இடமுண்டு: யார் தள்ளுவது, யார் மூத்தவரைக் கூப்பிடுவது, யார் நேரம் சொல்வது, பிள்ளை வைத்தியர் எங்கே நிற்பது. சத்தமாகப் பேசிப் பழகினால் போதும்.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்தைச் சுற்றித் தாய்மார் செத்தார்கள். அண்மைக் காலத்தில் அது முப்பதைச் சுற்றி நிற்கிறது. இதைச் செய்தது வீடு வீடாகப் போன மருத்துவமாது, இலவச ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தாயின் சாவையும் விசாரித்து ஏன் என்று கேட்கும் முறை. இவ்வளவு செய்த நாட்டுக்கு இந்த ஒத்திகை பெரிய காரியமல்ல.

இந்தச் சிக்கல் ஏன் கூடிவருகிறது என்றும் கேட்கிறார்கள். சிசேரியன் கூடுகிறது, அதில் கருப்பை வாய் முழுதும் திறந்த பிறகு செய்வதும் கூடுகிறது. தலையைத் திருப்பி எடுக்கும் போர்செப்ஸ் பழகிய கைகள் ஓய்வுபெற்றுப் போகின்றன. இளையவர்கள் அதைக் கற்க வாய்ப்பில்லாமல் சிசேரியனுக்கே போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போர்செப்ஸ் என்று கேட்டாலே சண்டைக்கு வரும் குடும்பங்களும் இதற்கு ஒரு காரணம். கிளினிக்கில் அமைதியாக இருக்கும்போதே வக்கியூமும் போர்செப்ஸும் எப்போது உதவும், எப்போது உதவாது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வலி உச்சத்தில் நிற்கும்போது அந்த விளக்கம் யார் காதிலும் ஏறாது.

வலியின் போக்கை வரைந்து பார்க்கும் தாள் எல்லா வோட்டிலும் உண்டு. கோடு தன் பாதையை விட்டு விலகினால் காரணம் கேட்கத்தான் அது இருக்கிறது. தாய் முக்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆகியும் முதற்பிள்ளை பிறக்காவிட்டால், மூத்த வைத்தியர் ஒருவர் கட்டிலருகே வந்து தன் கையால் சோதித்து முடிவெடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டுச் சொல்லும் முடிவு அந்த நேரத்துக்குப் போதாது.

வெளியே வராந்தாவில் நிற்கும் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. "நோர்மலாப் பெற வையுங்கோ டொக்டர், எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் வயிறு வெட்டினதில்லை" என்று கெஞ்சுவதும், பிறகு தாயைப் பார்த்து, "நீ ஒழுங்கா முக்கேல்லை" என்று சொல்வதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் கேட்டுச் சலித்த பேச்சு. தலை மாட்டுவது தாயின் சோம்பலால் அல்ல. அவள் முக்கி முக்கித்தான் தலை அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது. அந்தச் சொல் அவள் மனதில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் பிரசவ வோட்டின் பேச்சுப் பெரும்பாலும் சிங்களம். தமிழ் மட்டும் தெரிந்த தாய், மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து இங்கே தங்கியிருப்பவள், "முக்கு" என்பதும் "முக்க வேண்டாம்" என்பதும் புரியாமல் படுத்திருக்கிறாள். தியேட்டருக்குப் போகுமுன் முக்குவதை நிறுத்தச் சொன்னால் அவள் இன்னும் பலமாக முக்குவாள், தலை இன்னும் இறுகும். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அது சட்டப் புத்தகத்தில் இருந்து என்ன பயன், அந்த நிமிடத்தில் ஒரு தமிழ் வார்த்தை அவள் காதில் விழாவிட்டால்? கிறீன் மானிப்பாயில் செய்த வேலை இங்கே இன்னும் பாக்கி இருக்கிறது. சிங்கள மருத்துவமாது பத்துத் தமிழ்ச் சொல் பழகினாலே பெரிய மாற்றம் வரும். இங்கே வந்திருக்கும் சிங்களச் சகோதரிகள் சிலர் ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள் என்பதை அறிந்து மனம் நிறைந்தேன்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு நடக்க வேண்டியதை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். தாய்க்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரத்தம் ஏன் ஏற்றினார்கள், பிள்ளையை ஏன் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறாள். அறுவை செய்த வைத்தியர், வீட்டுக்குப் போகுமுன், அவள் கணவனையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை அவள் மொழியில் சொல்ல வேண்டும். அவள் அடுத்த பிள்ளைக்குத் துணிவாளா மாட்டாளா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் நிறையத் தங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்டில் வெறுமனே "சிசேரியன்" என்று எழுதியிருந்தால் அதோடு திரும்பி வராதீர்கள். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தபோது செய்தார்கள், கருப்பைக் கீறல் கிழிந்ததா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், கருப்பை வாய்க்குப் போனதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாய் முழுதும் திறந்த நிலையில் சிசேரியன் நடந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் பிள்ளை மாதம் நிரம்பாமல் பிறக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். அதை அறிந்த வி.ஓ.ஜி. (மகப்பேற்று பெண்நோயியல் நிபுணர்) நடுக்கர்ப்பத்தில் ஸ்கானில் கருப்பை வாயின் நீளத்தை அளந்து பார்ப்பது பற்றி முடிவெடுக்க முடியும். அறியாதவருக்கு நீங்கள் எல்லோரையும் போல ஒரு "பழைய சிசேரியன்". ஆகவே அடுத்த முறை கர்ப்பம் தரித்ததும், முதல் கிளினிக் நாளிலேயே, மருத்துவமாது கேட்பதற்கு முன்பே அந்தக் கார்டை எடுத்து மேசையில் வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் இனிக் கேட்கலாம்.